இடுப்புக்குப் பெரிசு, தொடைக்குச் சிறிசு

பாவாடைக்கு நாடா உண்டு. ரவிக்கைக்கு உள்ளே பிடித்துவைத்த துணி உண்டு, உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். சேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அம்மா உடுத்தியதையே நானும் உடுத்தலாம். அறுபதுகளில் கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் வீட்டில் துணிதான் உடம்புக்கு வளைந்து கொடுத்தது. உடம்பின் அளவைக் கேட்கிற உடுப்பு ஒன்று இருப்பது எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரிந்தது. தெரிந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படித்த மிஷன் பள்ளிக்கு வீட்டிலிருந்து போய்வந்த ஒன்றிரண்டு உள்ளூர்ப் பெண்களில் நானும் ஒருத்தி. வட்டக்கானல் பக்கம் காட்டுக்குள் நடந்துபோய் வர ஏற்பாடு செய்தார்கள். அட்டைப்பூச்சி கடிக்கும், பெண்களும் ஜீன்ஸ் போட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. எனக்கும் அவரைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போய், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, அன்றைய பத்திரிகையை அவருக்கு வாசிப்பேன். வியாபாரத்துக்கு நடுவே என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்பார், குறுக்கே வம்பு பேசிச் சிரிக்க வைப்பார். வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத இடம் அது. அதற்குப் பங்கம் வராமல் காட்டுக்கும் போய்வர வேண்டும் என்பதுதான் என் கவலை.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். சொந்த நாட்டுக்குத் திரும்பும் ஒரு பாதிரியார் குடும்பம் பழைய துணிமணிகளை வராந்தாவில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. அங்கே கிடந்த ஜீன்ஸ்களில் எனக்கு இடுப்பு நன்றாகத் தாராளமாக இருக்கும்படி ஒன்றைப் பொறுக்கி எடுத்துவந்தாள். “தொளதொளன்னு கெடந்தாத்தான் அடக்கமா இருக்கும்” என்றாள். அப்பா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாக்கு மாதிரிதான் இருக்கிறது, போய்த் தொலையட்டும் என்று சிரித்துவிட்டார்.

காட்டுக்குப் போகிற அன்று காலை பள்ளி விடுதிக்குப் போய் அதைப் போட்டேன். இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். தொடையிலும் பின்பக்கத்திலுமோ தோலோடு ஒட்டிக்கொண்டது. குனிந்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. அடக்கத்துக்கென்று வாங்கியது இருப்பதிலேயே அசிங்கமாக நின்றது. விடுதிப் பெண்கள் சிரித்து உருண்டார்கள். ஆயாவிடம் தமிழ் பழகிய ஒரு வகுப்புத் தோழிதான் பக்கத்தில் வந்து, “இது பையன் போடற ஜீன்ஸ்” என்றாள்.

ஆண்களுடையது இடுப்பிலிருந்து நேராக இறங்கும், முன்னால் ஜிப் இருக்கும். பெண்களுடையதில் ஜிப் பக்கவாட்டில். தொப்புளுக்கு மேல் ஏறி நிற்கும், அங்கே ஒடுங்கி, கீழே அகன்று, பிறகு காலோடு போகும். சிலது கணுக்கால்வரை ஒரே அகலம், சிலது போகப்போகக் குறுகும். புதுசைக் கொஞ்சம் பெரிதாக வாங்கி, ஈரத்தோடு போட்டு உடம்பிலேயே காயவிட்டால் அவரவர் உடம்புக்கேற்பச் சுருங்கிவிடுமாம். இதெல்லாம் அவர்களுக்கு ஆத்திசூடி மாதிரி. எங்கள் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரிக்கும்போதே காது சுட்டது.

தோழி தன்னுடையது ஒன்றைக் கொடுத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கண்ணாடியில் பார்த்தேன். வெட்கமில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். திரும்பி வந்ததும் விடுதியிலேயே கழற்றிவிட்டுப் பாவாடை தாவணியில் வீட்டுக்குப் போய்விடலாம், அப்பாவுக்குத் தெரியவே தெரியாது என்பது என் கணக்கு.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜீன்ஸ் நனைந்து இன்னும் இறுகியது. பஜாரில் டீச்சர் எல்லோரையும் டீ குடிக்க நிறுத்தினார். கடலை மிட்டாய் வேண்டும், உங்கள் கடை இங்கேதானே என்று தோழிகள் கையைப் பிடித்து இழுத்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் கடையை அவர்களுக்குக் காட்டுகிற பெருமையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஜீன்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் வந்தால் அப்பா தராசைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அப்பாவை நினைத்தால் பெருமை. அன்றும் நாங்கள் படியேறியதும் தராசுப் பக்கம் குனிந்துகொண்டார். கூட்டத்தில் என்னை அவருக்குத் தெரியவில்லை. நான்தான் பழக்கதோஷத்தில், “அப்பா, கடலை மிட்டாய்” என்றேன்.

நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்தார், பிறகு இடுப்பை, காலை. அவர் முகம் செத்துப்போனது. மறுபடி குனிந்து, மிட்டாயைப் பொட்டலம் கட்டி, யாரையும் பார்க்காமல் நீட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

விடுதிக்கு ஓடி உடுப்பை மாற்றிக்கொண்டு, தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு, நேரே கடைக்கு வந்தேன். வழக்கம்போல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தேன். தலைப்புச் செய்தியை வாசித்தேன். குறுக்கே ஒரு பேச்சும் இல்லை.

“அப்பா, நான்தான்” என்றேன்.

“தெரியுதும்மா.” அவர் குரலில் கோபமே இல்லை. “இனிமே பேப்பர வீட்டுல வச்சு வாசி. இங்க நாலு பேரு வந்து போற எடம்.”

திட்டுவார் என்றுதான் வந்தேன், அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். நான் படியிறங்கும்வரை அப்பா காலித் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.