காலையில் வந்துபோன இரண்டு பெண்கள்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து குசினிப் பக்கம் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். திருகோணமலையில் ஆஸ்பத்திரித் தாதி. என் தலை நரைக்கத் தொடங்கியதே அந்த வார்டுகளில்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு உயிர் விட்டவர்கள் எத்தனையோ பேர், ஒருவர்கூடத் திரும்பி வந்து எதுவும் சொன்னதில்லை. பிணவறைக்குப் பக்கத்தில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு பயமும் வந்ததில்லை. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால், பாவம், களைப்பில் மண்டை குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பேன். களைப்பு இருந்தது உண்மைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா செத்து அந்தியேட்டிச் சடங்கும் முடிந்திருந்தது. கடைசி மாதங்களில் அம்மாவைப் பார்த்தது நான்தான். வார்டில் நோயாளிகள், வீட்டுக்கு வந்தால் அம்மா, இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் தூங்கிவிழுவது. என் தங்கை சுகி கனடாவில் இருக்கிறாள். அவளுக்கு விமானம் கிடைத்து வந்து இறங்கியபோது அம்மாவை எரித்துச் சாம்பலும் கரைத்தாகிவிட்டது. அதன்பிறகு வீடு நிறையச் சனம். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றி, அம்மா எப்படிச் செத்தா என்று ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லி அலுத்துவிட்டோம். ஒருநாள் சுகி அறைக் கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, எனக்கு ஏலாது. ஒருத்தருமில்லாத இடத்தில ஒரு நாள் படுத்தெழும்பிப் போட்டு வருவமே?" என்றாள்.

அவளே தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்தாள். மூதூருக்கும் அப்பால், தோப்பூரும் கடந்து, இலங்கைத்துறைப் பக்கம் போகிற பாதையில் ஒரு பாறைக்காடு இருக்கிறது. வனத்திணைக்களத்தின் காப்புக்காடு. அதன் ஓரத்தில் தங்குவதற்கு இரண்டு இடங்கள். ஒன்றில் கூடாரங்கள், மற்றது பாறைமேல் கட்டிய மரக் கபானா, அதாவது சின்ன விடுதிக் குடில். நேரில் பார்த்து எது பிடிக்கிறதோ அதை எடுப்போம் என்று முடிவு செய்தோம். செத்தவீடு நடந்த வீட்டிலிருந்து உல்லாசம் போகிறார்கள் என்று சனம் கதைக்கும் என்பதால், இலங்கைத்துறையில் ஒரு சொந்தக்காரருக்குச் சுகமில்லை என்று சொல்லி, வீட்டைக் கணவரிடம் விட்டுவிட்டு, என் ஸ்கூட்டியில் இரண்டு பேரும் புறப்பட்டோம்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கிண்ணியாப் பாலத்தில் மட்டும் கொஞ்சம் காற்று. சுகி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். தோப்பூரில் ஒரு கடையில் நிறுத்திச் சாப்பிட்டோம். அதாவது நான் சாப்பிட்டேன். அவள் கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவிவிட்டு வந்து, சீனி போடாத வெறும் தேத்தண்ணியை மட்டும் குடித்தாள். ரொட்டியை இரண்டாகப் பிய்த்து அப்படியே வைத்துவிட்டாள். "வயிறு ஏற்றுக்கொள்ளுதில்லை, பிறகு சாப்பிடுறன்" என்றாள். இழவு வீட்டில் யாருக்குத்தான் பசிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

முதலில் கூடார இடத்துக்குப் போனோம். நல்ல நிழல், பாலை மரங்களுக்குக் கீழே வரிசையாகக் கூடாரங்கள். ஆனால் கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக் கோழி வாட்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற முகாமையாளர், "ராவைக்கு அமைதியாகிடும் மிஸ்" என்றார். சுகி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மற்ற இடத்தைப் பாப்பம் அக்கா" என்று திரும்பி நடந்துவிட்டாள்.

மற்ற இடம் செம்மண் பாதையில் இன்னும் உள்ளே. அங்கே பாறைகள், யாரோ மூட்டைகளை அடுக்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் வேலையை விட்டுப் போனமாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு தட்டையான பாறையின்மேல் அந்தக் கபானா. கீழே கடல்நீர் புகுந்த களப்பு, கரையோரச் சேற்றில் கண்ணா மரங்கள், வெள்ளைக் கொக்குகள். ஒரு சத்தமுமில்லை. எனக்கு அதைப் பார்த்ததுமே எங்கேயாவது விழுந்து படுத்தால் போதும் என்றிருந்தது.

இடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஜவாத் காக்கா, தோப்பூர்க்காரர்; அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாசல் படியில் இருந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மறுகாவும் வந்திட்டீங்களா?" என்றார்.

திரும்பவும் வந்துவிட்டீர்களா என்று ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "நாங்கள் இப்பதான் முதல்தரம் வாறம் காக்கா. ஒரு நாளைக்கு இடம் கிடைக்குமோ எண்டு கேட்க வந்தனாங்கள்."

அவர் என்னையும் பார்த்தார், சுகியையும் பார்த்தார். "காலையில வந்தீங்களே புள்ள. நீங்களும் இந்தத் தங்கச்சியும். தங்கச்சி உள்ளுக்குப் போய்க் கட்டில்ல படுத்தா. நீங்க இந்தா, இதே இடத்தில நிண்டுதான் எனக்கிட்டச் சொன்னீங்க."

"என்ன சொன்னனான்?"

"பின்னேரம் நாங்க திரும்பி வருவம், கேட்டாலும் இடம் குடுக்காதீங்க எண்டு."

சுகி சிரித்துவிட்டாள். அந்தியேட்டிக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்தரம். "காக்கா, வேற ஆருக்கும் குடுத்திட்டீங்கள் போல. அப்பிடியெண்டால் சொல்லுங்கோவன்" என்றாள். அந்த மனிசன் சிரிக்கவில்லை. சுகி செருப்பைக் கழற்றிவிட்டு, "நான் ஒருக்கா உள்ளுக்குப் பாக்கிறன்" என்று அவரைத் தாண்டி உள்ளே போனாள். திறந்திருந்த கதவால் பார்க்கிறேன், நேரே போய்க் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். ஜவாத் காக்கா என் முகத்தைப் பார்த்தார்.

நான் அவரோடு கொஞ்சம் சத்தம் போட்டேன். காலையில் நாங்கள் வீட்டில் அரிசி களைந்துகொண்டு நின்றோம், ஆள் மாறிச் சொல்கிறீர்கள், இந்த நாட்டில் எங்களைப்போல எத்தனை அக்கா தங்கச்சி இருப்பார்கள் என்றெல்லாம் கேட்டேன். அவர் வாதாடவில்லை. "இரிக்கலாம்" என்றார். பிறகு என் பின்னலைப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோல, "காலையில ஒங்கட தலமுடி கட்டையா இரிந்திச்சி. காதுக்கு மேல. நோயாளிக்கு வெட்டினமாதிரி" என்றார்.

இங்கே நான் ஒன்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு முழங்கால்வரை முடி. படுக்கையில் கிடந்து சிக்குப் பிடித்து, சீப்பு பட்டாலே நோகுது என்று அழுவார். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நானே கத்தரிக்கோலை எடுத்துக் காதுக்கு மேலாக வெட்டிவிட்டேன். சுகிக்கு இது தெரியாது. அவள் மனம் உடைந்துபோவாள் என்று நான் சொல்லவில்லை, வீட்டில் மாட்டியிருக்கும் படத்திலும் அம்மா பின்னலோடுதான் இருக்கிறார். நான் அம்மாவின் சாயல் என்று ஊரே சொல்லும். அதே நெற்றி, அதே தடித்த புருவம், கழுத்தைச் சாய்த்து நிற்கிற நிலைகூட அதேதான்.

எனக்குக் கை கால் விறைத்தது என்று சொன்னால் நல்ல கதையாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இதை நினைத்துப் பயப்படக்கூட உடம்பில் சக்தியில்லை என்றுதான் தோன்றியது. "கதவுத் திறப்பைத் தாங்கோ காக்கா" என்றேன். "ஒங்கட விருப்பம்" என்று திறப்பை என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டு, கீழே ரோட்டோரத்தில் இருந்த தன் குடிலுக்கு இறங்கிப் போனார்.

பின்பக்கத் தொட்டியில் முகம் கழுவினேன். பாறைமேல் போய்க் குந்தினேன். வெயில் சாய்ந்து களப்பு மஞ்சளாகிக் கிடந்தது. சுகி நல்ல நித்திரை, பக்கத்தில் ஒரு பாயை விரித்து நானும் படுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கண்ணை மூடியிருந்தால் விடியும்வரை நான் எழும்பியிருக்கமாட்டேன், அவ்வளவு களைப்பு. ஆனால் அந்தக் கட்டை முடிக் கதை உள்ளே கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. புரண்டு புரண்டு பார்த்தேன். கடைசியில் எனக்கே வெறுத்துப்போய், இந்த இடம் வேண்டாம், அந்தப் பாட்டுப் பெட்டிக்காரர்களோடு போய் இருந்தாலும் பரவாயில்லை என்று எழும்பிச் சுகியைத் தட்டினேன்.

அவள் எழும்பவில்லை.

உலுக்கினேன். தலை இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. சட்டை நனைந்து கட்டிலோடு ஒட்டியிருந்தது, நெற்றி ஐஸ்போல. நாடி பிடித்தேன், இமையைத் தூக்கிப் பார்த்தேன். என் கைக்கு விளங்கிய பிறகுதான் மண்டைக்கு விளங்கியது, வார்டில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்பேன். அவளுடைய கைப்பையைக் கட்டிலில் கொட்டினேன். இன்சுலின் ஊசி. என் தங்கச்சிக்குச் சீனி வருத்தம் என்று எனக்குத் தெரியாது. கடைக்குப் பின்னால் போய் ஊசியைப் போட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கிவிட்டது.

வெளியே ஓடிவந்து பாறையில் நின்று கத்தினேன். "காக்கா! சீனி! தேன்! எது கிடந்தாலும் கொண்டு ஓடி வாங்கோ!"

அந்த மனிசன் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு போத்தல் தேனோடு ஓடி வந்தார். மயக்கத்தில் கிடக்கும் ஆளுக்குக் குடிக்கக் கொடுக்க ஏலாது, புரைக்கேறிவிடும். சரித்துப் படுக்கவைத்து, விரலில் தேனைத் தொட்டுப் பல் முரசிலும் கன்னத்தின் உள்பக்கமும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவருடைய சின்ன லொறியின் பின்தட்டில் மெத்தையோடு தூக்கிப்போட்டுக்கொண்டு மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பள்ளம் திட்டியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட, நான் ஒரு கையால் அவளையும் ஒரு கையால் தேன் போத்தலையும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அம்மா அம்மா என்றுகொண்டே போனேன்.

குளுக்கோஸ் ஏறி முடியமுன்பே கண்ணைத் திறந்துவிட்டாள். "அக்கா, பசிக்குது" என்றாள். அறையலாம் போல இருந்தது. "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ அம்மாவைப் பாத்துக் களைச்சுப் போய் இருந்தனீ. அதுக்குள்ள எனக்கும் வருத்தம் எண்டு எப்பிடி அக்கா சொல்லுறது?"

விடியும்வரை விட்டிருந்தால் எழுப்பியிருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னார். அவர் சொல்லவேண்டும் என்றில்லை, எனக்கே தெரியும்.

அம்மா வந்து காப்பாற்றினா என்கிறார் என் கணவர். சொந்தக்காரர்களும் அதையே சொல்லிக் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வேறு யாரோ இரண்டு பெண்கள் காலையில் வந்திருக்கலாம், அதில் ஒருத்திக்குக் கட்டை முடி இருந்திருக்கலாம், சும்மா பகிடிக்கு அப்படிச் சொல்லியிருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டு என்னால் இருந்திருக்க முடியும்.

சுகி கனடாவுக்குத் திரும்பிய பிறகு, ஜவாத் காக்காவுக்கு நன்றி சொல்ல, அவர் உடுக்க ஒரு சாரமும் கொஞ்சம் இனிப்புப் பண்டமும் வாங்கிக்கொண்டு கணவரோடு போனேன். தேத்தண்ணி தந்தார், சுகியின் சுகம் விசாரித்தார். என் கணவர் களப்பைப் பார்க்க இறங்கிப் போனதும், "ஒங்களுக்கு ஒண்டு சொல்லல்ல புள்ள" என்றார்.

"என்ன காக்கா?"

"அண்டைக்குக் காலையில எனக்கிட்டக் கதைச்சிட்டு அந்தப் பெரியவ தனியத்தான் இறங்கிப் போனா. தங்கச்சி உள்ளுக்குத்தானே படுத்திருக்கா, எழும்பி வரட்டும் எண்டு நான் வாசல்லயே இரிந்தன். ஒரு தேத்தண்ணி குடுப்பம் எண்டு உள்ளுக்குப் போய்ப் பார்த்தா ஆளில்ல. கட்டில்ல ஒராள் படுத்த பள்ளம் மட்டும் அப்பிடியே கிடந்திச்சி. ஒரே ஒரு கதவு, ஜன்னலுக்கெல்லாம் கம்பி. ரெண்டு பேர் வந்தாங்க, ஒராள்தான் போனா."

"அப்ப மற்ற ஆள்?"

"அதான் எனக்கும் தெரியல்ல" என்றார்.

இதை நான் கணவரிடம் சொல்லவில்லை, சுகியிடம் சொல்லவேயில்லை. காலையில் வந்தது அம்மாதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கட்டிலில் படுக்கவிட்டுப் போன ஒருத்தி இருக்கிறாளே, அவள் யார்? அவள் எழும்பி எங்கே போனாள்?

சுகி நன்றாக இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்து கதைக்கிறாள், அதே குரல், அதே சிரிப்பு. சிலவேளை கதைத்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, "ஏன் அக்கா என்னை அப்பிடிப் பாக்கிறாய்?" என்று கேட்பாள்.

நித்திரையில்லை, களைப்பு என்று சொல்லிவிடுகிறேன்.