காட்டுக்குள் சொல்லாத நான்கு பெயர்கள்

உடையார்கட்டுப் பக்கத்தில் கொண்டல்மடுக்குளம் என்று ஒரு குளம் இருக்கிறது. மாரியில் பார்த்தால் கரை தெரியாது. ஆவணி பிறந்துவிட்டால் தண்ணீர் நடுவுக்குப் போய்விடும். அது நின்ற அலைகரை முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து, கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சையாகக் கிடக்கும். புல்லுக்கு நடுவே பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். அவற்றை மடு என்பார்கள். மொத்தம் ஒன்பது மடுக்கள். ஒன்பதிலும் மீன். மீனைத் தேடி நாரையும் கூழைக்கடாவும் வரும், புல்லைத் தேடி மான் வரும், தண்ணீரைத் தேடி மற்ற எல்லோரும் வருவார்கள்.

இந்தப் புல்வெளியில் ஆறு கூடாரங்களை அடித்து, வெளியூர்க்காரரைத் தங்கவைத்து, பகலில் மீன்பிடிக்கவும் விடியலில் காடு பார்க்கவும் கூட்டிக்கொண்டு போகிறவள் கமலாசனி. வயது நாற்பத்தாறு. உயரம் நாலடி பதினொரு அங்குலம். குளத்து மீன்பிடிச் சங்கத்தில் பெயர் பதிந்த ஒரே பெண். கூடாரங்கள் சங்கத்துடையவை, மற்றதெல்லாம் அவளுடைய கை.

ஒரு கூடாரம் அடிக்க அவளுக்கு ஏழு நிமிடம் போதும். காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி, சுற்றிவரச் சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கயிறுகளை இறுக்கிவிட்டுத்தான் நிமிருவாள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு எங்க ட்ரெய்னிங் எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"செட்டிகுளத்தில. ரெண்டாயிரத்து ஒன்பதில, முள்ளுக்கம்பிக்குள்ள பதினொரு மாசக் கோஸ்."

அவர் பாவம், அது போர் முடிந்து சனத்தை அடைத்து வைத்த முகாம் என்று விளங்காமல், "சேர்ட்டிபிகேட் தந்தவையோ?" என்று கேட்டார்.

"ஓம், வெளியில விடேக்க ஒரு துண்டு தந்தவை" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கூடாரத்துக்குப் போனாள்.

ஆனால் இந்த வருடம் உண்மையாகவே ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. விருந்தினரைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சோதனையில் தேறி வழிகாட்டி அட்டை எடுத்திருக்க வேண்டும் என்று திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. அட்டை இல்லாவிட்டால் சங்கம் வவுனியாவிலிருந்து ஒருவரை எடுக்கும். கமலாசனிக்குச் சமையல் வேலை கிடைக்கும்.

"குசினிக்க நிக்கிறதெண்டால் நான் வீட்டிலயே நிண்டிருப்பன்" என்றாள் கமலாசனி.

"அப்ப படி" என்றாள் அக்கா இரஞ்சிதம்.

இரஞ்சிதம் ஐந்து வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எதையும் எண்ணாமல், இலக்கமிடாமல் வைக்கமாட்டாள். அவளுடைய குசினியில் தூள் போத்தல்களுக்குக்கூட இலக்கம் உண்டு. பரீட்சைப் பட்டியலில் முப்பது உயிரினங்கள் அகரவரிசையில் இருந்தன. அவற்றைக் கொப்பியில் எழுதி, கோடு அடித்து, இரண்டு கிழமையாகத் தங்கச்சியைக் கேள்வி கேட்டாள். கறி கிண்டினாலும் கேள்விதான், மீன் வெட்டினாலும் கேள்விதான்.

"ஏழு?"

"கரடி."

"பன்னிரண்டு?"

"சிறுத்தை."

"இருபத்தாறு?"

"முதலை. அக்கா, உப்புக் காணுமோ பார்."

"உப்பு இருக்கட்டும். இருபத்தெட்டு?"

"யானை."

இந்த நாலுக்கும் பக்கத்தில் பட்டியலில் நட்சத்திரம் போட்டிருந்தது. கட்டாயமானவை. வழிகாட்டி இந்த நாலையோ இவற்றின் தடயத்தையோ கண்டவுடனே கூட வருகிறவர்களுக்குப் பெயரைச் சொல்லி எச்சரிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அட்டை இல்லை.

இரண்டு கிழமையும் இரண்டு பேருக்கும் ஒரு விசயம் நினைவுக்கு வரவேயில்லை. இரஞ்சிதம் காட்டுக்குப் போவதில்லை; அவளுக்குத் தெரிய நியாயமில்லை. கமலாசனிக்குத் தெரியும்; ஆனால் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதை யாரும் யோசித்துச் செய்வதில்லை அல்லவா, அதுபோல.

சோதனைக்கு வந்த அதிகாரி தாட்சாயினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், புதுச் சப்பாத்து. கூடவே சாரதி நிஷாந்தன். சனிக்கிழமை பின்னேரமே வந்து இறங்கினார்கள். நிஷாந்தன் மடுக்கரையில் கதிரை போட்டு, புதிதாக வாங்கிய நீளமான தூண்டிலை எறிந்துவிட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தான். ஒன்றும் அகப்படவில்லை. கமலாசனி ஒரு பூவரசங் கம்பில் தூண்டில் நரம்பு கட்டி, முள்ளில் தவளைக்குஞ்சைக் கொளுவி, மூன்றாம் மடுவின் தாமரை ஓரத்தில் தட்டித் தட்டி எடுத்தாள். கால் மணித்தியாலத்தில் இரண்டு விரால்.

"அக்கா, உங்களுக்கு மீன் சொந்தக்காரரோ?"

"இல்லைத் தம்பி. நீங்கள் கதைக்கிற கதையில அதுகள் சிரிச்சுச் சிரிச்சு மற்றப் பக்கம் போட்டுதுகள்."

தாட்சாயினி சிரித்தாள். ஆனால் அவள் மட்டையில் செருகியிருந்த படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். கூடாரம்: திருப்தி. சாப்பாடு: திருப்தி. விரால் குழம்பை இரண்டாம் தரம் வாங்கியதை எழுதவில்லை.

ஞாயிறு காலை ஐந்து நாற்பதுக்கு மூவரும் புறப்பட்டார்கள். புல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. போகிறவர் வருகிறவர் முறித்து வைத்த இலைக்குழைகள் அதன் அடியில் குவிந்து கிடக்கும். கமலாசனியும் ஒரு குழை முறித்து வைத்துக் கும்பிட்டாள். நிஷாந்தனும் முறித்தான். தாட்சாயினி படிவத்தைப் பார்த்தாள். அதில் குழைக்கு இடமில்லை. பிறகு அவளும் ஒன்றை முறித்து வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் கமலாசனிக்கு அது நினைவுக்கு வந்தது.

"மிஸ், ஒரு கதை. இந்த மரம் தாண்டினால் நாங்கள் நாலு பேற்ர பேர் சொல்லுறேல்ல."

"எந்த நாலு?"

கமலாசனி மரத்துக்கு இந்தப் பக்கம் இரண்டடி பின்னுக்கு வந்து, படிவத்தில் நட்சத்திரம் போட்டிருந்த நாலையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா! அந்த நாலுந்தான் கட்டாயம்."

"தெரியும், மிஸ்."

"சொன்னால் என்ன நடக்கும்?"

"ஒருத்தரும் சொல்லிப் பாக்கேல்ல. அதால தெரியாது."

"நான் உங்களுக்காகச் சட்டத்தை மாத்தேலாது, அக்கா. ஆக்களுக்கு என்ன வருகுதெண்டு தெரிஞ்சால்தானே ஓடலாம்?"

"ஓடச் சொல்லி நான் சொல்லவே மாட்டன், மிஸ். நில்லுங்கோ எண்டுதான் சொல்லுவன்."

தாட்சாயினி பேனையைத் திறந்தாள். நடை தொடங்கியது.

பறவைகளில் கமலாசனிக்குத் தடையே இல்லை. செங்கால் நாரை, கூழைக்கடா, ஆள்காட்டி, மயில் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு போனாள். மான் கூட்டத்தை எண்ணிச் சொன்னாள்: பதினான்கு, அதில் குட்டி மூன்று. தாட்சாயினி அடையாளம் இட்டுக்கொண்டே வந்தாள். மரத்துக்கு அப்பால், காட்டோரத்து ஆறாம் மடுவுக்கு வந்தபோது கமலாசனி கையை உயர்த்தினாள். எதிர்க்கரைச் சேற்றில் ஒருவர் வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்துகொண்டு கிடந்தார். எட்டடி இருப்பார்.

அதே மடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பதினொரு வருடம் வலை இழுத்தவள் அவள். அந்தப் பெயரை ஒரு நாள்கூட அங்கே சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். வரவில்லை. தாட்சாயினி பேனையைப் பிடித்தபடி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறு" என்றாள் கமலாசனி.

"என்ன?"

"இருபத்தாறு, மிஸ். உங்கட கடதாசியைப் பாருங்கோ."

தாட்சாயினி பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் பார்த்தாள். நிஷாந்தன் தோளில் கிடந்த துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கமலாசனிக்கு வழி திறந்துவிட்டது. கிண்டிப்போட்ட கறையான் புற்றும், பக்கத்தில் வீரைப்பழக் கொட்டை நிறைந்த எச்சமும் கண்டாள். "ஏழு. ராத்திரித்தான் வந்திட்டுப் போயிருக்கிறார்." ஈரமண்ணில் நகம் பதியாத வட்டக் காலடி. "பன்னிரண்டு. நேற்றையான்."

"அக்கா, லொத்தர் சீட்டு இழுக்கிற மாதிரியெல்லோ இருக்குது" என்றான் நிஷாந்தன்.

தாட்சாயினி சிரிக்கவில்லை. நட்சத்திரக் கட்டங்களுக்கு எதிரே சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை. ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு கேள்விக்குறி. கமலாசனி அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள். மூன்று கேள்விக்குறிகள்.

ஒன்பதாம் மடு மட்டும் காட்டுக்குள் இருக்கிறது. அங்கே புதரை விலக்கியவள் அப்படியே நின்றாள்.

"இருபத்தெட்டு. அசையாதேங்கோ."

நாற்பது மீற்றர் தூரத்தில் தனியன் ஒருவர் புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி, மண்ணை உதிர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது காதில் கிழிசல். நிஷாந்தன் அசையவில்லை. தாட்சாயினியோ பழக்க தோசத்தில் இருபத்தெட்டு என்னவென்று பார்க்கப் படிவத்தை உயர்த்தினாள். அந்த நேரம் பார்த்துச் சோழகக் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. தாள் மட்டையிலிருந்து உருவி, புல்லுக்கு மேலால் மிதந்து மிதந்து போய், அவருடைய காலடியில் விழுந்தது.

அவர் சாப்பாட்டை நிறுத்தினார். காது விரிந்தது.

தாட்சாயினி ஒரு காலைப் பின்னுக்கு எடுத்தாள். கமலாசனி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாக இல்லை, சந்தையில் தெரு கடக்கும்போது பிடிப்பார்களே, அப்படி. "நில்லுங்கோ, மிஸ். நான் நிக்கிறன்தானே."

மூவரும் நின்றார்கள். அவர் தாளைத் தும்பிக்கையால் எடுத்தார். மணந்தார். ஒரு தரம் புரட்டினார். பிறகு ஒரு பிடி புல்லோடு சேர்த்து முதுகில் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் நடந்தார். தாள் கீழே விழும் என்று பார்த்தார்கள். விழவில்லை.

சத்தம் அடங்கும்வரை பதினெட்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, வந்த வழியால் திரும்பினார்கள். முதலில் வாய் திறந்தவன் நிஷாந்தன்தான்.

"மிஸ், படிவத்தை நேரா மேலிடத்துக்கே அனுப்பிப்போட்டீங்கள்."

"பகிடி விடாதேங்கோ, நிஷாந்தன். மார்க் எல்லாம் அதிலதான் இருந்தது. இனிப் புதுசா ஒரு திகதி எடுக்கோணும். அது தை மாசந்தான் கிடைக்கும்."

தை மாதம் குளம் நிறைந்து நிற்கும். புல்வெளியும் இராது, கூடாரமும் இராது. சங்கம் அதற்குள் வவுனியாக்காரரை எடுத்துவிடும். கமலாசனி நடையைக் கூட்டினாள். பாலை மரத்தைக் கடந்து இருபது அடி வெளியே வந்த பிறகு நின்றாள்.

"மிஸ், எழுத ஒரு கடதாசி இருக்கோ?"

"என்னத்துக்கு?"

"எழுதுங்கோ. ஒண்டு, ஆந்தை. காணேல்ல. ரெண்டு, ஆள்காட்டி. நாலாம் மடுவில, ரெண்டு."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தாட்சாயினி தன் நாட்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், பெயர், எந்த மடு, எத்தனை. ஏழு வந்தபோது கமலாசனி "கரடி" என்று உரத்துச் சொன்னாள். பன்னிரண்டில் "சிறுத்தை." பதினெட்டு வந்தபோது தாட்சாயினி இடையில் புகுந்தாள்.

"நரி. அதுக்குச் சரி போட்ட மாதிரி எனக்கு நினைவு."

"இல்லை, மிஸ். அது நாய். சங்கத் தலைவற்ர நாய். நரி காணேல்ல எண்டு போடுங்கோ."

இருபத்தாறில் "முதலை". இருபத்தெட்டில் "யானை, தனியன், ஆண், இடக்காது கிழிசல், உங்கட படிவம் முதுகில". முப்பதும் முடிந்தது. கண்டது இருபத்து மூன்று, காணாதது ஏழு. ஒன்றும் விடுபடவில்லை.

தாட்சாயினி நாட்குறிப்பை மூடவில்லை. கமலாசனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டாள்.

"அந்த நாலுக்கும் என்ன போடப்போறீங்கள்?"

"அக்கா, நீங்கள் இருபத்தெட்டு எண்டு சொல்லேக்க நான் கடதாசியைப் பாத்தன். அதுதான் பிழை. உங்கட பிழையில்லை, ஆனால் பிழை. ஒவ்வொருத்தரும் பட்டியலைத் தேடிக்கொண்டு நிக்கேலாது."

"ஓம், மிஸ்."

"ஆனபடியால் ஒரு நிபந்தனை. இந்த மரத்தடியில ஆக்களை நிப்பாட்டி, உள்ளுக்குப் போகமுன்னம் நாலு இலக்கமும் எது எதெண்டு பாடமாக்க வைக்கவேணும். சொல்லத் தெரியாத ஆளை உள்ளுக்கு விடக்கூடாது."

"அப்ப…"

"அப்ப என்ன அப்ப? பாஸ்!" என்றான் நிஷாந்தன்.

"நிஷாந்தன், அதை நான் சொல்லோணும்" என்றாள் தாட்சாயினி. பிறகு நாட்குறிப்பில் நாலு சரிகளைப் போட்டாள். குறிப்புப் பகுதியில் எழுதியதை வாசித்தும் காட்டினாள்: 'ஆபத்தான விலங்குகளை இலக்கத்தால் அறிவித்தார். மூவரும் பத்திரமாகத் திரும்பினோம். படிவம் மட்டும் திரும்பவில்லை.'

அட்டை பத்தொன்பதாம் நாள் தபாலில் வந்தது. இரஞ்சிதம் அதை முன்னும் பின்னும் வாசித்து, தங்கச்சியின் பெயரில் ஓர் எழுத்தும் பிழையில்லை என்று உறுதிப்படுத்தி, நீல நாடாவில் கோத்துக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், எட்டுப் பேர், மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். "ஏழு, பன்னிரண்டு, இருபத்தாறு, இருபத்தெட்டு" என்று பெரியவர்களும் பிள்ளைகளும் மூன்று தரம் சொன்னார்கள். மாமாக்காரர் ஒருவர் இருபத்தாறையும் இருபத்தெட்டையும் மாற்றிச் சொன்னார். அவரைக் கமலாசனி தனியாக இன்னும் இரண்டு தரம் சொல்லவைத்தாள்.

கடைசியில் நின்ற சின்னப் பெண்பிள்ளை கையை உயர்த்தியது. "அன்ரி, இருபத்தேழு என்ன?"

"முயல். அதை எங்கயும் பேர் சொல்லிக் கூப்பிடலாம், அம்மா."

பிள்ளை அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டியது. கமலாசனி அட்டையைச் சட்டைக்குமேல் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் காட்டுக்குள் இறங்கினாள்.