கைகால் இங்கிலீஷ்

இங்கிலீஷ் வாத்தியார் வேலையில் தொண்டைதான் முதலில் போகும் என்பார்கள். எனக்கு முழங்கால் போனது. சக வாத்தியார்களே, உங்களுக்கும் இந்த முறை தெரிந்திருக்கும். நாம் ஒன்றை இங்கிலீஷில் சொல்லிச் செய்து காட்ட வேண்டும். பிள்ளைகளும் செய்ய வேண்டும். ஆறு மாதம் அவர்கள் வாய் திறக்கக் கூடாது. காது பழகினால் நாக்கு தானே பழகுமாம். பயிற்சிக் கல்லூரியில் அப்படித்தான் எழுதிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான், அந்த நோட்டை மீற எனக்குத் துணிச்சல் இல்லை. அதை எடுத்துக்கொண்டுதான் கொல்லிமலை ஏறினேன்.

பெரிய மாணவர்

அந்த மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்குப் பின்னால் முப்பது வயதுச் சடையனும் வந்து உட்கார்ந்தார். அவருடைய சாமைக்காட்டை ஒட்டி எல்லைக்கல் நடக் காட்டிலாகா துரை வரப்போகிறார். துரைக்கு மொழிபெயர்க்கும் குமாஸ்தா மாற்றிச் சொல்லிவிடுவார் என்று பயம். தானே பேச வேண்டும். "ஜம்ப்" என்றால் குடுமி அவிழக் குதிப்பார். பிள்ளைகள் சிரித்தால் இன்னும் உயரக் குதிப்பார். ஒரு வாரம் கழித்து மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, 'இது எங்க காடு'ங்கறதுக்கு எப்படிங்க குதிக்கோணும்?"

ஓட்டம்

அது ஏழாம் மாதப் பாடம் என்று சொல்லிவிட்டு, "ரன்" பாடத்தை வெளியே நடத்தினேன். அந்தச் சரிவில் யாரும் சும்மா ஓடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. ஓடினால் ஒன்று சாவு, இல்லையென்றால் கரடி. எங்கள் கூட்டம் ஓடியதைப் பார்த்துக் களையெடுத்த பெண்கள் களைக்கொத்தோடு வந்து சேர்ந்தார்கள். பாடம்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். சடையனின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரரு காலு தேஞ்சிருமுங்க சாமி. வாய்க்கு எப்பத்தான் வேலை குடுப்பீங்க?"

எல்லைக்கல்

துரை ஐந்தாம் மாதமே வந்துவிட்டார். சடையன் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கும்பிட்டபடி அவர் கிட்டே போக, துரை தலை நிமிராமல் "கோ பேக்" என்றார். சடையன் வகுப்பில் செய்வது போலவே சட்டென்று திரும்பி நடந்தார். "சிட் டவுன்" என்றதும் உட்கார்ந்தார். கல் சாமைக்காட்டின் நடுவில் இறங்கியது.

பேசியிருக்க வேண்டியவன் நான். இரண்டடி எடுத்து வைத்தேன். "ஸ்டாண்ட் தேர்" என்றார் துரை. நின்றுவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

திரும்பும்போது சடையன் என்னைக் குறை சொல்லவில்லை.

"அவரு சொன்னது ஒரு சொல்லு விடாம வெளங்குச்சுங்க வாத்தியாரே. வெளங்காம இருந்திருந்தா அங்கயே நின்னிருப்பேனுங்க."

பாடம் அன்று பிசகவே இல்லை. வாத்தியார், மாணவர் இருவருமே சொன்னதைச் சொன்னபடி செய்து காட்டினோம்.