ஆனந்தபாயின் கண்ணும் கும்ப மாதத்துச் சீரையும்

குன்னத்துகாலில் லேஸ் பின்னிக் கொடுத்துப் பிழைத்தவள் ஆனந்தபாய். கணவன் ராஜையா, திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவன். ஐம்பத்துநாலு ஆகஸ்டில் துப்பாக்கிச்சூடு நடந்தபின் போலீஸ் ஆள் தேடத் தொடங்கவே, ஆரல்வாய்மொழி எல்லை தாண்டிச் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்துகொண்டான். வீட்டில் ஆனந்தபாயும் ஆறு வயது மகள் செல்லபாயும் மட்டும்.

அந்தக் கலவர நாட்களில் சந்தை கூடினால் கூடும், இல்லையென்றால் இல்லை. கிடைத்த சாளை மீனை மகளுக்குக் கொடுத்துவிட்டு, உணக்கிய மரச்சீனிக் கிழங்கை அவித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றாள். வயிறு நிறைந்ததால் குறை ஒன்றும் தெரியவில்லை.

தை மாதம் ஒரு சாயங்காலம், குடத்தோடு வந்தவள் அம்மிமேல் இடறி விழுந்தாள்.

"அம்மி எப்பவும் அங்கதானே கெடக்கு?" என்றாள் மகள்.

அதன்பிறகு விளக்கு வைக்கும் நேரமானால் மகள் கையைப் பிடித்தே முற்றத்தில் இறங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாதவளுக்கு யார் லேஸ் நூல் தருவார்கள்?

கடைசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் சத்தியபாயிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மாலைக்கண் ஆக்கும் இது. நீ என்னத்த திங்குதே?"

"கெழங்கு."

"வெறும் கெழங்கா?" சத்தியபாய் சுறா எண்ணெய் ஒரு சிறு குப்பி கொடுத்தாள். "இது தீர்ந்தா, பெறகு ஒன் வெளையில வெளையுததுதான் மருந்து. முருங்கை எலை, செவப்புச் சீரை, மத்தங்காய். துளி எண்ணெய் சேத்துத் தெனமும் தின்னு."

முருங்கை இருந்தது அடுத்த வீட்டில், கிருஷ்ணன்குட்டியின் விளைத் தோட்டத்தில். அவன், தாலுகாக்கள் கேரளத்தோடே நிற்கவேண்டும் என்ற ஐக்கிய கேரளக் கட்சி. சாயாக்கடையில் அவனும் ராஜையாவும் சட்டையைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஆனந்தபாய் வேலியருகே போய் நின்றாள். கிருஷ்ணன்குட்டியின் மனைவி விஜயம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் முருங்கை எலை வேணும். அந்தியானா கண்ணு தெரியல்ல."

"ஐயோ, எத்தற நாளாயி?" என்ற விஜயம்மா, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கொப்பை ஒடித்து நீட்டினாள். "தெனமும் வா. அவரு ஒண்ணும் பறைய மாட்டாரு. பறைஞ்சா நான் பாத்துக்கிடுதேன்." முடிச்சு ஒன்றில் சிவப்புக் கீரையான சீரையின் விதையும் கொடுத்தாள்.

அந்த வருஷம் மாசியில் பெய்யும் கும்ப மழை பிந்தித்தான் வந்தது. மண் நனைந்த மறுநாளே ஆனந்தபாய் கொத்திக் கிளறி, சாணமும் சாம்பலும் போட்டாள். எறும்பு விதையைத் தூக்காமலிருக்க அரிசிக் குருணை கலந்து தூவினாள். கிணற்றோரம் மத்தன் என்ற பூசணியின் விதை ஊன்றினாள். காலையில் தண்ணீர் கோரி ஊற்றுவாள். அந்திக்குமுன் இன்னொரு முறை.

அடுத்த மாதம், மீனத்தில், சீரை சிவந்து நின்றது. தேங்காய் போட்டுத் துவரன் பொரியல் வைத்தாள். மகளின் கடைவாய்ப் புண் ஆறியது. ஆனந்தபாய்க்கு ஈறில் இரத்தம் கசிவது நின்றது. வெளுத்துப்போய்த் தலைசுற்றலோடு திரிந்த விஜயம்மாவுக்கும் வேலிக்கு மேலே ஒரு கட்டு போனது.

ஈஸ்டர் விடியற்காலை, இருட்டு முழுதும் பிரியுமுன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். வரப்பில் மகள் கையைப் பிடிக்காமல் நடந்தவள், திடீரென்று நின்று அழுதாள்.

"காலு இடிச்சிட்டாம்மா?"

"இல்ல மக்கா. வரப்பு தெரியுது. அந்தால வாழைமூடு தெரியுது."

போலீஸ் தேடல் ஓய்ந்து, ஆடியில் ராஜையா திரும்பி வந்தான். தன் விளையில் விஜயம்மா குனிந்து சீரை பறிப்பதைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"அந்த வீட்டுக்கா குடுக்கே?"

"அந்த வீட்டு எலையிலாக்கும் எனக்குக் கண்ணு வந்தது," என்று நடந்ததெல்லாம் சொன்னாள். அன்று இரவு அவன் சீரைத் துவரனைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கிருஷ்ணன்குட்டியோடு மட்டும் பேசவில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை பிரிந்தது. பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, குன்னத்துகால் கேரளத்தில் நின்றது. ராஜையா ஒரு வாரம் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. ஜெயித்த கிருஷ்ணன்குட்டியும் அந்த வாரம் குத்திக்காட்ட வேலிப் பக்கம் வரவில்லை.

அடுத்த கும்பத்தில் ராஜையா சேனைக்கிழங்கு நடக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, கிருஷ்ணன்குட்டி வேலியருகே வந்து தொண்டையைச் செருமினான்.

"ராஜையா, சேன வித்து மிச்சம் உண்டு."

ராஜையா மண்வெட்டியை நிறுத்தினான். "எத்தன உண்டு?"

"நாலு."

"கொண்டு வா. குழி எடுக்குதேன்."