முள் பார்க்கும் லூமென்

லூமென் சந்தைக்குள் நுழைந்தால் மீன்காரர்கள் அவசரமாகக் கூடையை மூடுவார்கள். கைக்குக் கிடைத்த மீனைக் கிழித்து நடுமுள்ளைப் பார்ப்பாள். முள் நொறுங்கி ரத்தம் கட்டியிருந்தால் வெடி போட்டுப் பிடித்த மீன். அந்த மீனாலேயே விற்றவன் கன்னத்தில் அறைவாள். தடுக்கப்போன எனக்கும் ஒருமுறை விழுந்தது.

எங்கள் தீவில் மீன் பிடிக்கத் தடையுள்ள காப்புக்கடலுக்கு அவள்தான் காவல். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அவள் பவளப்பாறைகளைச் சுற்றுவாள், மேலே நான் படகோட்டுவேன். அந்தக் கடலில் போத்தல் வெடி வீசுகிறவன் அவள் வளர்த்த தம்பி இஸ்கோ என்பது ஊருக்கே தெரியும். ஒருநாள் மீன்காரி கொரிங் கேட்டே விட்டாள்.

"தம்பி மீனுன்னா மட்டும் முள்ளு தெரியாதோ?"

அன்று லூமென் அடிக்கவில்லை. "கையும் மீனுமா பிடிக்கிறேன். முடியலேன்னா இந்த வேலையே எனக்கு வேணாம்" என்றாள்.

பெரிய வெள்ளியன்று எங்கள் ஆட்கள் கடலில் கால் வைக்கமாட்டார்கள். வைத்தால் கடல் ஆளைத் திருப்பித் தராது. அக்கா கோயிலில் முட்டி போட்டிருப்பாள் என்று இஸ்கோ கணக்குப் போட்டான். அவளோ விடியும்போதே கடலுக்கடியில் காத்திருந்தாள். நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பாறைக்குப் பின்னால் படகை மறைத்திருந்தேன்.

வெடித்தது. என் படகே தூக்கிப் போட்டது. கீழே அவளுடைய முக்குளிக்கும் கண்ணாடி விரிசல் விட்டு, வலது காதுச் சவ்வு கிழிந்தது. படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசரின் குழாயை வாயில் கடித்தபடி இஸ்கோ இறங்கி, துடிக்கும் மீன்களைச் சாக்கில் திணித்தான். நான் பாய்ந்து வந்ததைப் பார்த்த, மேலே படகிலிருந்த அவன் கூட்டாளி, துரோகி, கம்ப்ரசரோடு படகை விரட்டினான். இழுபட்ட குழாய் இஸ்கோவின் பல்லையும் பிடுங்கிக்கொண்டு போனது.

லூமென் தன் வாய்க்குழாயை அவன் வாயில் செருகினாள். இருந்தது ஒன்றே ஒன்று. உயிர்ப்பயத்தில் அவன் திருப்பித் தரவில்லை, அவள் கழுத்தை நெரித்தான். அவள் அவன் மூக்கை உடைத்து, குழாயைப் பிடுங்கி, இரண்டு மூச்சு இழுத்து, மறுபடி கொடுத்தாள். அடித்துக்கொண்டும் காற்றைப் பங்கிட்டுக்கொண்டும் மேலே வந்தார்கள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அங்கே இரண்டும் ஆடின.

படகில் ஏற்றியதும் சாக்குக் கயிற்றாலேயே அவன் கைகளைக் கட்டினாள்.

"பிடிச்சுக் குடுக்கத்தான் காப்பாத்துனியாக்கா?"

"பொணத்தை ஜெயில்ல வைப்பாங்களாடா?"

சொல்லிவிட்டு, காதிலிருந்து ரத்தம் வழிய, ஓவென்று அழுதாள்.

இப்போது ஞாயிறுதோறும் சோறும் சுட்ட மீனும் கொண்டு சிறைக்குப் போகிறாள். கம்பிக்கு முன்னால் மீனைப் பிளந்து காட்டுவாள்.

"பாரு, முள்ளு உடையல. சாப்பிடு."

போன வாரம் நானும் உடன் போனேன். இஸ்கோ சோற்றைத் தொடவில்லை. "என்னை எப்பக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?" என்றான்.

லூமென் செவிட்டுக் காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, மீனிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் போட்டு, சதையை அவனுக்கு ஊட்டினாள்.