பட்டைக்கு அடியில் சந்தனம்

விமானத்துக்குள் ஒரு கருவியின் மின்னலைகள் இன்னொன்றைக் குலைக்காமல் பார்த்துக்கொள்வதே என் தொழிலாக இருந்தது. ஓய்வுக்குப் பின்னும் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு ஆலோசகனாக இருந்தேன். மனைவியின் பதினாறாம் நாள் காரியம் கழிந்த மூன்றாம் நாள் அங்கே போய், பயிற்சி விமானம் ஒன்றின் மின் இணைப்புகளை அளந்து கையெழுத்திட்டேன். பிறகு சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, தட்டில் நான்கு இட்லியோடு உட்கார்ந்தபோது அங்கிருந்து மெக்கானிக் அழைத்தார். எங்கள் பக்கத்துப் பனவடலிசத்திரத்துக்காரர், பல வருடப் பழக்கம்.

“அண்ணாச்சி, நீங்க பாத்த வண்டியில இரைச்சல். ஜெனரேட்டர் ஓடுனா ஹெட்போன்ல தேனீக்கூடுதான். டவர் சொல்லுதது பாதி விளங்கல. பறக்க விடாம நிறுத்திட்டோம்.”

என் பழைய அளவுகள் பலவும் எனக்கு மனப்பாடம். அன்று அளந்தது மட்டும் நினைவில் இல்லை. தனியே பறக்கும் ஒரு மாணவன், இறங்காதே என்று டவர் சொல்வது இரைச்சலில் காதில் விழாமல் இறங்கியிருக்கலாம். பார்க்காமலே எழுதிவிட்டேனோ?

எஞ்சினையும் உடற்கூட்டையும் இணைக்கும் செம்புப் பட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். உலோகத்தோடு உலோகம் ஒட்டாவிட்டால் இரைச்சல் ரேடியோவுக்குள் புகும்.

ஒரு மணி நேரத்தில் மறுபடி அழைத்தார்.

“சிரிக்கப்பிடாது அண்ணாச்சி. அடியில சந்தனம் காய்ஞ்சு கெடக்கு.”

“சந்தனமா?”

“நீங்க பாத்துட்டுப் போன பொறவு எஞ்சின் வேலைக்குக் கழத்துன பட்டை. ஆயுத பூஜைக்கு ஸ்பானரோட சேத்து வச்சு நான்தான் பொட்டு வச்சேன். அப்படியே மாட்டிட்டேன்.”

“குங்குமமும் உண்டோ?”

“அது இல்லாமலா?”

ஆண்டுதோறும் பூஜை முடிந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியோடு ஒவ்வொன்றாகத் துடைத்து வருபவன் நான். இவ்வாண்டு துக்க வீடு, பூஜைக்குப் போகவில்லை.

“மாட்டுன பொறவு அளக்கலியா வே?”

“இல்ல. தப்பு என்னுதுதான். இப்போ துடைச்சு மாட்டி அளந்துட்டேன். நீங்க எழுதுன அளவேதான் வருது. இரைச்சலும் போயிட்டு.”

அந்த அளவை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அன்று என் கண் மீட்டரில்தான் இருந்திருக்கிறது.

“ரிஜிஸ்தர்ல என்னன்னு எழுத? அழுக்குன்னு போட்டுரவா?”

“சந்தனம்னே எழுதும்.”

“ஆடிட்டுக்கு வாரவன் சிரிப்பான்லா.”

“சிரிக்கட்டும் வே. அடுத்த வருஷம் துடைப்பீருல்லா.”

போனை வைத்தபோது காலை இட்லி ஆறியிருந்தது. நான்கையும் சாப்பிட்டேன்.