நம்பகமான வெளியாள்

இங்கே கனடாவில் நான் காலை டீயைக் குடிக்கும்போது, கோவளத்தில் என் மனைவி கன்னியம்மா வாசல் லைட்டைப் போடுகிறாள். போனில் அதைப் பார்த்துக்கொண்டேதான் குடிப்பேன். ஜன்னலில் வெயில், கையில் இருட்டு. நான் எந்தப் பொழுதில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மகன் சுரேஷைப் பார்த்துவிட்டுத் திரும்பத்தான் வந்தேன். இதயத்தைச் சோதித்த டாக்டர், இப்போதைக்கு விமானம் ஏறக்கூடாது என்றுவிட்டார். அங்கே கன்னியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, கோலூன்றித் தனியாக நடக்கிறாள். வாசலில் சுரேஷ் மாட்டிய கேமராதான் எனக்கு ஆறுதல்.

போன மாதம் யாரோ முகம் தெரியாதவன் ஓயாமல் பொய்க் கூப்பாடு அனுப்பி எங்கள் கோவளம் வீட்டு நெட்டை அடைத்துவிட்டான். இரண்டு நாள் கேமரா வரவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. சுரேஷ் இங்கிருந்தே கம்ப்யூட்டர் வழியாக அதற்கு ஒரு காவல் போட்டான். காவல் தாங்குமா என்று பார்க்க, நம் வீட்டுக்கே ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் பொய்க் கூப்பாடு அனுப்பப் போகிறேன் என்றான்.

"நம்ம வூட்ட நாமளே அடிக்கிறதா? இன்னாடா பேஜாரு இது?"

"ஒத்திகை நைனா. பயப்படாத."

ஒத்திகை எனக்குப் புதிதல்ல. கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டிய காலத்தில், ஆபத்து வந்தால் ஊரை எப்படிக் காலி செய்வது என்று ஒத்திகை வைப்பார்கள். ஒரு தடவை குப்பத்து அம்மா ஒருத்தி ஆட்டோடு என் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நிஜமில்லை, இறங்கு என்றால், "ஆட்டுக்கு இன்னாய்யா தெரியும் ஒத்திகையின்னு?" என்று கேட்டாள். முன் சீட்டில் ஆடு, பின்னால் அதிகாரிகள். சாயங்காலம் வரை அப்படியே ஓட்டினேன். எதையோ சொல்ல வந்து எங்கேயோ போய்விட்டேன்.

சுரேஷ் பொத்தானைத் தட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "வூடு தாங்கிச்சு நைனா!" என்று துள்ளினான். ஆனால் என் போனில் வாசல் இல்லை, வெறும் கறுப்பு. கன்னியம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

சுரேஷ் கம்ப்யூட்டரைத் துருவிவிட்டுச் சிரித்தான். "காவல் என்னைய நிறுத்துன மாதிரியே உன்னையும் நிறுத்திடுச்சு. காலைலேந்து கேமராவ எத்தன தபா தொறந்த?"

"பொண்டாட்டிய எண்ணிகினாடா பாப்பாங்க?"

"தட்டிகினே இருந்தா அதுக்கு எல்லாரும் எதிரிதான்."

அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். கோலூன்றி பஸ் ஸ்டாப் வரை நடந்து போய் வந்தாளாம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள். என் குரலைக் கேட்டதும், "இன்னாயா அழுவுற? செத்தா பூட்டேன்?" என்றாள்.

சுரேஷ் காவலிடம் என் பேரைச் சொல்லி வைத்தான். அதில் உள்ளே, வெளியே என்று இரண்டு பட்டியல். வீட்டுக்குள் இருக்கும் டிவி, கேமரா, அவள் போன் எல்லாம் உள்ளே. கனடாவிலிருந்து பார்க்கும் என்னை உள்ளே சேர்க்க வழியில்லை. "நம்பகமான வெளியாளுன்னு போட்டிருக்கேன் நைனா." அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியவன் நான்.

கன்னியம்மாவிடம் சொன்னேன். "வெளியாளா? அப்ப வூட்டுக்கு வரச்சொல்ல பெல்லு அடி" என்று சிரித்தாள்.

வாசல் மறுபடி தெரிந்தது. அவள் கோலூன்றி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதில் வைத்துப் பார்த்தேன்.